கேஎல் வண்டி, டிஎன் வீடு: நம்பர் பிளேட்டிலும் பதிவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, செங்கோட்டை, பொள்ளாச்சி, களியக்காவிளை. இந்த ஊர்த் தெருக்களில் கேஎல் வண்டியும் டிஎன் வண்டியும் கலந்துதான் நிற்கும். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் எந்த மாநிலப் பதிவு என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. விபத்து, விற்பனை, கேமரா நோட்டீஸ் என்று ஏதாவது வரும்போதுதான் ஆர்சி புக்கைத் தேடுகிறோம்.

பிளேட்டை ஆசைக்கு எழுதியதற்கு முதல் முறை அபராதம் 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500. பலரும் பயப்படுவது இதற்குத்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற காகிதத்தில் தவறினால் போவது ஆயிரமும் லட்சமும். சின்னதை முதலில் முடித்துவிடலாம்.

பிளேட்டில் கை வைப்பது

அளவெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல், 50, 51 ஆம் விதிகளில் இருக்கிறது. கார் பிளேட் 500 x 120 மி.மீ. அல்லது 340 x 200 மி.மீ. காரில் எழுத்தும் எண்ணும் 65 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிமன், நடுவில் 10 மி.மீ. இடைவெளி. பைக் பிளேட் 200 x 100 மி.மீ.; பின்பக்கம் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ.; 70 சிசிக்கு மேற்பட்ட பைக்கில் முன்பக்கம் இரண்டுமே 30 மி.மீ. எழுத்து ஆங்கிலத்திலும் எண் வழக்கமான 1, 2, 3 வடிவத்திலும் இருக்க வேண்டும். 'த.நா.' என்று எழுதி ஓட்டுவது மொழிப்பற்றாக இருக்கலாம், ஆனால் அது தமிழ்நாட்டுக்குள்ளேயே செல்லாது; வாளையாறு தாண்டினால் கேட்கவே வேண்டாம்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை டீலரே மாட்டித் தர வேண்டும். 1 மி.மீ. அலுமினியத் தகடு, இடப்பக்கம் 20 x 20 மி.மீ. ஹாலோகிராம், அதில் அசோகச் சக்கரம், கீழே லேசரில் பொறித்த வரிசை எண், கழற்றினால் உடைந்துபோகும் ஸ்னாப் லாக். ஸ்டிக்கர் கடைகளில் இதே தோற்றத்தில் போலி கிடைக்கிறது. ஆனால் லேசர் எண் உங்கள் வண்டியின் பதிவோடு கணினியில் இணைந்தது. கடைக்காரர் பொறித்துத் தருகிற எண்ணுக்கு அங்கே பொருளே கிடையாது.

இந்தப் பிளேட் அதிகமாகச் சேதமாகும் இடம் டிங்கரிங் ஷெட். பம்பருக்குப் பெயின்ட் அடிக்க ஸ்னாப் லாக்கைத் துளையிட்டுக் கழற்றி, வேலை முடிந்ததும் சாதாரண ஸ்க்ரூ போட்டு இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். கழற்றாமல் டேப் ஒட்டி அடிக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். பம்பரையே மாற்றுவதாக இருந்தால், வண்டி நிறுவனம் அங்கீகரித்த தயாரிப்பாளரிடம் மாற்றுப் பிளேட் பதிவு செய்துவிட்டுக் கழற்றுங்கள். பழைய பிளேட்டைத் திரும்பக் கேட்பார்கள், தூக்கிப் போடக் கூடாது. பிளேட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார். அதன் நகல் இல்லாமல் மாற்று கிடைக்காது.

8055 என்பதை 'பாஸ்' என்று படிக்கும்படி வளைத்து எழுதுவது, நடு எண்ணைச் சின்னதாக்குவது, புகைநிறக் கவர் போடுவது, முன்பக்கக் கம்பி கார்டு பாதி எண்ணை மறைப்பது எல்லாம் அழகுப் பிரச்சினை என்றுதான் நினைக்கிறோம். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் நூற்றுக்கணக்கான ஏஐ கேமராக்கள் அபராத நோட்டீஸ் அனுப்பத் தொடங்கின. எண்ணைக் கேமரா தவறாகப் படித்தால் நோட்டீஸ் வேறொருவர் வீட்டுக்குப் போகும், அவருடைய வண்டியின் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரவும் கூடும். அப்படி வந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். நோட்டீஸில் உள்ள படத்தில் மாடலும் நிறமும் உங்கள் வண்டியுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆர்சி நகலும் வண்டியின் படமும் வைத்து மறுப்புத் தெரிவியுங்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஐயப்ப சீசனில் இன்னொன்று: முன்பக்கம் கட்டுகிற மாலையும் தோரணமும் பேனரும் சரியாகப் பிளேட்டின் மேல்தான் தொங்கும். பானெட்டோடு கட்டுங்கள். பின் பிளேட்டின் சின்ன விளக்கும் எரிய வேண்டும். இரவில் 15 மீட்டரிலிருந்து எண் தெரிய வேண்டும் என்பது விதி. குமுளி மலைப்பாதையில் சேறு படிந்தால் விளக்கு இருந்தும் பயனில்லை, இறங்கித் துடைத்துவிடுங்கள்.

பிளேட்டின் நிறமும் அலங்காரம் அல்ல. வெள்ளை சொந்த உபயோகம், மஞ்சள் வாடகை, கறுப்பில் மஞ்சள் எழுத்து தானே ஓட்டும் வாடகைக் கார், பச்சை மின்வண்டி, மஞ்சளில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு. ஓன் போர்டு வண்டியில் காசு வாங்கிக்கொண்டு பம்பைக்கு ஆள் ஏற்றினால் பெர்மிட் இல்லாத குற்றம் மட்டும் வராது. விபத்து நடந்தால், இது சொந்த உபயோகப் பாலிசி என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இடம் கிடைக்கும்.

ஃபேன்ஸி நம்பர் வாங்குவோருக்கு

நம் நாட்டில் பெயரையோ விருப்பமான எழுத்தையோ பிளேட்டில் வாங்க முடியாது. மாநில எழுத்து, அலுவலக எண், வரிசை எழுத்து மூன்றும் அரசு தருவது; கடைசி நான்கு இலக்கத்தில்தான் உங்களுக்குத் தேர்வு. வரிசை எழுத்தில் ஐ, ஓ இரண்டும் வராது, 1, 0 என்று குழப்பும் என்பதால். கேரளத்தில் இணையத்தில் முன்பதிவு செய்து, ஒரே எண்ணை இருவர் கேட்டால் ஏலம். 1 என்ற எண்ணுக்கு அடிப்படைக் கட்டணமே 1 லட்சம். 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் கேஎல் 07 டிஜி 0007 ஏலத்தில் 45 லட்சத்தைத் தாண்டியது.

இங்கே பலர் கவனிக்காத விஷயம், இந்த எண் உங்களுடையது ஆகாது, வண்டியுடையது. வண்டியை விற்றால் எண்ணும் போகும். வண்டியை நிரந்தரமாக வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், அந்த மாநிலம் புதிதாக ஒரு எண் கொடுக்கும். ஏலத்தில் எடுத்த எண் அதோடு முடிந்தது. பாலக்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருடத்தில் பொள்ளாச்சி திரும்பப் போகிறவர் கேஎல் எண்ணுக்கு ஏலம் கேட்பது காசைக் கரைக்கிற வேலை.

எண் கணிதம் பார்க்கிறவர்கள் வண்டி பதிவாவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கூட்டுத்தொகை 8 வந்துவிட்டது என்று பிறகு போய் நின்றால், ஒதுக்கிய எண்ணை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். பிளேட்டில் ஒரு எண்ணைச் சின்னதாக எழுதினால் கூட்டுத்தொகையும் மாறாது.

எல்லை தாண்டி செகண்ட் ஹேண்ட் வண்டி

பெரிய நஷ்டம் இங்கேதான். கேரளத்தில் வண்டியை வாங்கி, கையெழுத்துப் போட்ட 29, 30 ஆம் படிவங்களை (பெயர் மாற்றப் படிவங்கள்) மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கேஎல் பிளேட்டோடு வருடக்கணக்கில் தமிழ்நாட்டில் ஓட்டுகிற வழக்கம் எல்லை நெடுக இருக்கிறது. விற்றவர் தலைமுழுகிவிட்டதாக நினைக்கிறார், வாங்கியவர் வரி மிச்சம் என்று நினைக்கிறார். இருவர் கணக்கும் தப்பு. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனை கை மாறியிருந்தாலும் வழக்கு தேடிப் போவது பதிவில் உள்ளவரைத்தான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வீண் பயம் உண்டு. கேஎல் வண்டி தமிழ்நாட்டுக்குள் வந்தாலே என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும் என்று சிலர் மிரட்டுவார்கள். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47 ஆம் பிரிவுப்படி புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை குமுளி போய் டீ குடித்துவிட்டு வந்தால் 12 மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சட்டம் கேட்பது வண்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. இன்ஷூரன்ஸ் முகவரியும் சர்வீஸ் பில்லும் கம்பம் என்று சொன்னால், எல்லை தாண்டி வந்ததைக் காட்டி வாதாடுவது கடினம்.

முறைப்படி செய்வது இப்படி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, நிலுவைச் சலான், வரி கட்டிய தேதி, பைனான்ஸ் பதிவு, பிளாக்லிஸ்ட் நான்கையும் பாருங்கள். கேரளத்தில் சலான் நிலுவையால் முடக்கப்பட்ட வண்டிக்கு என்ஓசி நகராது. டாக்ஸியாக ஓடிய ஜீப் என்றால் மோட்டார் தொழிலாளர் நலநிதி ரசீதையும் கேளுங்கள், அது பாக்கி இருந்தால் வரி கட்டவே விடாது. கடன் முடிந்த வண்டி என்று வாய்வார்த்தையை நம்பாதீர்கள். 35 ஆம் படிவமும் பைனான்ஸ் கம்பெனிக் கடிதமும் கொடுத்து, ஆர்சியில் ஹெச்பி (பைனான்ஸ் பதிவு) நீங்கியிருக்க வேண்டும்.

அடுத்து என்ஓசி. 28 ஆம் படிவத்தில், விற்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் உரசி எடுத்த பிரிண்ட் ஒட்ட வேண்டும். எந்த ஆர்டிஓ அலுவலகத்துக்கு என்று என்ஓசியில் எழுதியிருக்கும். உத்தமபாளையம் அலுவலகத்துக்குப் போகவேண்டியவர் தேனி என்று போட்டு வாங்கிவிட்டால் திரும்ப அலையவேண்டிவரும். உங்கள் வீடு எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். விண்ணப்பித்து 30 நாளில் மறுப்பு எதுவும் வரவில்லையென்றால் என்ஓசி கிடைத்ததாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் கவுண்டரில் அதைச் சொல்லி வேலை நடக்காது, காகிதம் கையில் இருக்க வேண்டும்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் பதிவான போன் எண் அன்றைக்கு விற்ற டீலருடையதாகவோ புரோக்கருடையதாகவோ இருக்கும். அதை விற்பவர் முதலில் மாற்ற வேண்டும். பெயரும் இடிக்கும்: கேரளத்து ஆர்சியில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் வீட்டுப்பெயர் விரிவாக, பான் கார்டில் வேறுமாதிரி என்று இருந்தால் ஆதார் வழிச் சரிபார்ப்பு நின்றுவிடும். விற்பவர் பக்கத்து ஊரில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். அவர் வளைகுடாவுக்குப் போன பிறகு பிடிப்பது பெரும்பாடு.

என்ஓசி வந்த பிறகு புது எண்ணுக்கான 27 ஆம் படிவம், 29, 30 ஆம் படிவங்கள், அசல் ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் சேர்த்து இங்கே விண்ணப்பம். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டி என்றால் விற்றவருக்கு 45 நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார். அளவு மாறிய டயர், ஆர்சியில் இல்லாத நிறம், கூடுதல் சீட் இருந்தால் அங்கேயே நிற்கும்.

வரி என்பதைக் கடைசியில் பார்க்காதீர்கள், விலை பேசும்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் சிறு தொகை இல்லை. கேரளத்தில் 15 வருடத்துக்குக் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். புதுப் பதிவின் நகலைக் காட்டிக் கேட்க வேண்டும். அந்தப் பணம் விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், பின்னால் சண்டை வருவது இதில்தான். ஆர்சியின் 15 வருட ஆயுளோ முதல் பதிவுத் தேதியிலிருந்துதான். புது எண் வந்ததால் வண்டிக்கு வயது குறையாது.

வரியை மிச்சப்படுத்த வேறொரு மாநிலத்தில் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பது இன்னும் மோசம். புதுச்சேரியில் போலி முகவரி கொடுத்துப் பதிந்த சொகுசுக் கார்கள் பற்றி 2017-இல் கேரளத்தில் வழக்குகள் கிளம்பின. அது வரிப் பாக்கியோடு நிற்காமல் கிரிமினல் வழக்காகும்.

இரண்டு பக்கமும் மாற்றலாகிற வேலை என்றால், மாநிலம் மாறினாலும் எண் மாறாத பிஹெச் (பாரத்) வரிசை பொருந்தலாம். அரசு, பொதுத்துறை, ராணுவ ஊழியர்களுக்கும், 4 அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும். வரியை 2 வருடத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். அந்தத் தேதியை மறப்பதுதான் இதில் பொதுவான தவறு.

புது எண் கைக்கு வந்ததும்

பாலிசியில் எண்ணும் பெயரும் மாற வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். மூன்றாம் நபர் காப்பு தானாக மாறும், உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பு அப்படி மாறாது. முன்னவர் சேர்த்த நோ கிளைம் போனஸும் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. ஃபாஸ்டேக் பழைய கேஎல் எண்ணிலேயே இருந்தால், வாளையாறு ரோட்டு டோலில் ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டும், பிளேட் வேறொன்றைக் காட்டும். பழைய டேக்கை மூடச்சொல்லி விற்றவரிடம் கேளுங்கள், உங்கள் பெயரில் புது எண்ணுக்குப் புது டேக் வாங்குங்கள், கண்ணாடியில் இருக்கும் பழையதைச் சுரண்டி எடுத்த பிறகு ஒட்டுங்கள். புகைச் சான்றையும் புது எண்ணில் எடுங்கள். பழைய கேஎல் பிளேட்டை ஷெட் சுவரில் மாட்டி வைக்காமல் புதுப் பிளேட் பொருத்துகிறவரிடமே ஒப்படைத்து, ரசீது வாங்கி ஆர்சியோடு வையுங்கள்.