எஞ்சின் பெரிதானால் மவுண்டிங்கும் பெரிதாக வேண்டும்: சிட்டி கோல்ஃப்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சனிக்கிழமை மத்தியானம் நடந்தால் பானெட் திறந்த ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் ஒன்றாவது கண்ணில் படும். 2009-இல் உற்பத்தி நின்ற வண்டிதான், ஆனாலும் விடுகிறார்களா? உள்ளே 1.8 லிட்டர் டர்போ 20 வால்வ் எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்கும் டர்போவுக்கும் ராண்டைக் கணக்குப் பார்க்காமல் கொட்டுகிறவர்கள், அதை பாடியோடு பிடித்துத் தாங்குகிற மவுண்டிங்குக்கு (உலோக பிராக்கெட்டும் ரப்பரும் சேர்ந்தது) மட்டும் பழையதையே துடைத்துப் போடுகிறார்கள். முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சுமையைக் கணக்கிடுங்கள்

பழைய 1.6 எஞ்சின் தருவது சுமார் 140 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. 1.8 டர்போ, கை வைக்காத நிலையிலேயே 210 தரும். "70தானே கூடுதல்" என்று தோன்றும். ஆனால் முன்சக்கரங்கள் இழுக்கிற வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிப்பது) மூன்றும் ஒரே கட்டி. அதனால் சக்கரத்துக்குப் போகும் டார்க் முழுவதுக்கும் எதிர்ப்பைத் தாங்குவது மவுண்டிங்தான். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் (டிஃப்பிலுள்ள கடைசி கியர் ஜோடி) சேர்ந்து டார்க்கை ஏறக்குறைய 12 மடங்காக்கும். அப்படிப் பார்த்தால் 1,680 இருந்த இடத்தில் இப்போது 2,520. பூஸ்ட்டை (டர்போ தள்ளுகிற காற்றழுத்தத்தை) ஏற்றினால் இன்னும் மேலே.

இந்தச் சுமை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ரப்பரைக் கல் மாதிரி ஆக்கிவிட்டு பிராக்கெட்டை அப்படியே விட்டால் பிராக்கெட் விரிசல் விடும். பிராக்கெட்டையும் இரும்பாக இறுக்கிவிட்டால் பாடி தகடு கிழியும். ஆகவே என் கட்சி இதுதான்: பிராக்கெட்டை நன்றாகப் பலமாக்குங்கள், ரப்பரைக் கொஞ்சம் மட்டும் கடினமாக்குங்கள். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்லுவார், ஏனென்றால் ரப்பருக்குப் பதிலாகப் போடுகிற கலர் கலரான பாலியூரித்தேன் புஷ்ஷை விற்பது சுலபம்.

பழையதைக் கழற்றிப் பாருங்கள்

எஞ்சினை ஹாயிஸ்டில் (எஞ்சின் தூக்கும் கருவி) தொங்கவிட்டுத்தான் மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும். எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு அடியில் வெறும் ஜாக்கை வைத்தால் சம்ப் நசுங்கும். கழற்றிய பிராக்கெட்டை டிகிரீசர் போட்டுக் கழுவுங்கள். போல்ட் துளையின் ஓரத்திலும் வெல்டிங் முடிகிற முனையிலும் டார்ச் அடித்து, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை மாதிரி துருநிறக் கோடு ஒன்று நகத்தில் தட்டினால் அது விரிசல். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அந்த போல்ட் ரொம்ப நாளாக ஆடியிருக்கிறது. அப்படியே பாடி பக்கத்துத் தகட்டையும் பாருங்கள். மெரிபேங்க் போல கடல்காற்று அடிக்கிற இடத்து வண்டியில் அங்கே துரு தின்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல பிராக்கெட் வாங்கினாலும் வீண்.

பிராக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கடையிலோ வெல்டரிடமோ பிராக்கெட்டைக் கையில் எடுத்து இவற்றைக் கவனியுங்கள். இரும்பு என்றால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் தகடு. வெறுமனே எல் வடிவில் மடித்திருந்தால் வேண்டாம்; மடிப்பின் உள்மூலையில் முக்கோணத் தகடு வைத்து வெல்டு பண்ணியிருக்க வேண்டும். தடிமனைக் கூட்டுவதைவிட அந்த முக்கோணம் தருகிற பலம் அதிகம். எம்10 (10 மில்லிமீட்டர்) போல்ட் என்றால் துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்புவரை 20 மில்லிமீட்டராவது இருக்கட்டும். "எந்த வண்டிக்கும் பொருந்தும்" என்று நீளத் துளை போட்டு விற்பதைத் தொடாதீர்கள், அது டார்க்கில் நகரும்.

அலுமினியம் எடை குறைவு, பார்க்கவும் அழகு. ஒரே கட்டியிலிருந்து மெஷினில் வெட்டியது என்றால் சரி. 6061-டி6 ரக அலுமினியத்தை வெல்டு பண்ணினால், மறுபடி வெப்பப் பதம் செய்யாதவரை, வெல்டைச் சுற்றிய இடம் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். வெல்டு போட்ட அலுமினியத்தைவிடச் சாதாரண இரும்பே மேல்.

கியர்பாக்ஸையும் மாற்றுகிறீர்கள் என்றால் பிராக்கெட் வாங்கும் முன் அதை முடிவு செய்யுங்கள். பெட்டி மாறினால் போல்ட் இடங்களும் மாறும்.

ரப்பர்

கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் பொதுவாக 50-60. தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு 70-75 போதும். 90-க்கு மேல் போனால் ராபாட்டில் (சிக்னலில்) நிற்கும்போது கண்ணாடி நடுங்கும், டாஷ்போர்டு கடகடக்கும். பக்கவாட்டு மவுண்டிங்குகள் பெரும்பாலும் எடையைச் சுமப்பவை, முன்னும் பின்னும் உள்ளவை ஆட்டத்தைத் தடுப்பவை. முதலில் முன்பின் இரண்டை மட்டும் கடினமாக்கி ஓட்டிப் பாருங்கள். டர்போ குழாய்க்கு அருகில் வருகிற மவுண்டிங்குக்கு வெப்பத்தைத் தடுக்கும் தகடு கட்டாயம்.

போல்ட்

தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத் தர எண் பொறித்தது மட்டும். துருப்பிடிக்காது என்று கடையில் தருகிற ஸ்டெயின்லெஸ் ஏ2-70 வேண்டாம். 8.8 போல்ட் 640 மெகாபாஸ்கல்வரை நீளாமல் தாங்கும், அந்த ஸ்டெயின்லெஸ் 450-இலேயே இழுபட ஆரம்பிக்கும்.

மாட்டுவது

வண்டியிலேயே வெல்டு பண்ணுவதானால் பேட்டரியைக் கழற்றி, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முறுக்கி, எஞ்சினை இறக்கி, முழு எடையும் மவுண்டிங்கில் உட்கார்ந்த பிறகு எஞ்சினை நாலு தடவை ஆட்டிவிடுங்கள். அது தானாக நடுவில் நிற்கும். அப்புறம்தான் டார்க் ரெஞ்ச். எஞ்சின் எர்த் வயரை மறக்காதீர்கள். டிரைவ்ஷாஃப்ட் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்கின்றனவா, பானெட் மூடுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட்மேல் படுகிற மாதிரி வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒருமுறை ஏறி இறங்கி வந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒருதரம் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் எண் மாறியிருக்கும், ஆகவே போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி வண்டிப் பதிவிலும் மாற்றிவிடுங்கள். அந்த வரிசைக்குக் காலையிலேயே போவது நல்லது.