சாலையோரம் ஏறும் பனிக்கட்டியைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் ஜூன் மாதப் படத்தைத் தேடுங்கள். பனிக்கட்டியைத் தேடுகிறோம், ஜனவரிப் படம்தானே வேண்டும் என்று என்னிடம் படிக்க வருபவர்கள் கேட்பார்கள். அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலைப் பக்கம் ஜனவரியில் சாலை, ஆறு, தூந்திரா எல்லாமே ஒரே வெள்ளை. போதாததற்கு, சாலை முடியும் டெட்ஹார்ஸில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியனே எழாது. பனி உருகி நிலம் பழுப்பாகத் தெரிந்த பிறகும் எது வெள்ளையாக மிஞ்சுகிறதோ, அதுதான் நமக்கு வேண்டிய ஔஃபைஸ், அதாவது வழிந்த நீர் அடுக்கடுக்காக உறைந்து ஏறும் பனிக்கட்டி.

இது எங்கே வரும் என்று தெரிந்தால் தேடுவது எளிது. நிரந்தர உறைநிலத்தில் கோடையில் மேல்மண் மட்டும் இளகும். நீர் அந்த மெல்லிய அடுக்கில் கசிந்து ஓடும். குளிர்காலத்தில் சாலையில் பனியை வழித்துவிடுவதால், போர்வை இழுத்த மாதிரி அங்கே மட்டும் மண் சீக்கிரமாகவும் ஆழமாகவும் உறைந்து, நீரின் வழியை அடைத்துவிடும். அடைபட்ட நீர் மேட்டுப்பக்கம் பிதுங்கி, அடுக்கடுக்காக உறையும். ஆற்றில் தரைவரை உறைந்த இடத்திலும் இதே கதைதான். 2015 வசந்தத்தில் டெட்ஹார்ஸுக்குத் தெற்கே சாகவனிர்க்டோக் ஆற்றில் ஏறிய பனிக்கட்டி, தண்ணீரைச் சாலைமேலேயே தள்ளியது. மே மாதம் பனி உருகிய வெள்ளத்தில் நெடுஞ்சாலை இரண்டு வாரத்துக்கும் மேல் மூடிக்கிடந்தது.

பழகுவதற்கு அந்த வருடமே நல்லது. அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 8-இன் படம் எடுங்கள். ஐரோப்பாவின் சென்டினல் 2-இன் முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனில்தான் ஏவப்பட்டது. பிந்தைய வருடங்களுக்கு சென்டினல் 2 போதும். கோப்பர்நிகஸ் பிரௌசர் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மே கடைசியில் தொடங்கி, மேகம் குறைந்த படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். லாரிகள் கிளப்பும் தூசு படிந்து சாலையோரப் பனி மற்ற இடங்களுக்கு முன்னாலேயே உருகிவிடும். அதனால் சாலையை ஒட்டி மட்டும் பார்ப்பதென்றால் கொஞ்சம் முந்திய தேதியும் உதவும்.

அப்புறம் கணக்கு. செயற்கைக்கோள் ஒவ்வொரு அலைநீள ஒளியையும் தனித்தனிப் படமாக எடுக்கும், அதைத்தான் பேண்ட் என்கிறோம். பச்சைப் பேண்டிலிருந்து குற்றலை அகச்சிவப்புப் பேண்டைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். சென்டினலில் அவை 3, 11. லேண்ட்சாட் 8-இல் 3, 6. விடை 0.4-க்கு மேல் இருந்தால் பனி அல்லது பனிக்கட்டி என்று வைத்துத் தொடங்கலாம். பெரும்பாலான மேகங்கள் இதிலேயே கழிந்துபோகும். ஆனால் திறந்த தண்ணீரும் இந்தச் சல்லடையில் தங்கிவிடும். எனவே அண்மை அகச்சிவப்பில் (சென்டினலில் பேண்ட் 8) பிரதிபலிப்பு 0.11-க்குக் கீழே இருப்பதை நீக்குங்கள். நீர் ஊறிய பனிக்கட்டியும் இதில் கொஞ்சம் அடிபடலாம், ஆகவே ஓரங்களைக் கண்ணால் சரிபாருங்கள். கண்ணை நம்பாமல் எண்ணை மட்டும் நம்புகிறவர்கள் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்கள்.

பெரிய தொல்லை ஏரிகள். அந்தப் பக்கத்து ஏரிகளில் ஜூனிலும் பனிக்கட்டி மிதக்கும், கணக்கில் ஔஃபைஸ் போலவே வரும். அதே இடத்தின் ஆகஸ்ட் படத்தில் நீர்ப்பரப்பாகத் தெரியும் ஏரிகளை வரைந்து, ஜூன் வரைபடத்திலிருந்து வெட்டிவிடுங்கள். ஆற்றை மட்டும் வெட்டாதீர்கள், நாம் தேடுவதே அங்கேதான் இருக்கும்.

ஒரு வருடப் படத்தோடு நிறுத்தினால் பாதிப் பயன்தான். சாலையின் இருபுறமும் அரை கிலோமீட்டர் பட்டை போட்டு, ஒவ்வொரு பிக்சலும் எத்தனை ஜூன்களில் பனிக்கட்டியாக இருந்தது என்று எண்ணுங்கள். ஊற்றுநீரால் வருவது பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். எப்போதாவது மட்டும் சாலையைத் தொடும் இடங்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். பராமரிப்பவர்கள் எதிர்பார்க்காத இடம் அதுவாக இருக்கலாம். சாலைக்கு அடியில் நீர் போகும் கல்வெர்ட் குழாயின் வாயில் சில மீட்டர் அகலத்துக்கு மட்டும் உறைவது 20 மீட்டர் பிக்சலில் தெரியாது. அதற்குக் களத்துக்குப் போகத்தான் வேண்டும்.

குளிர்காலத்திலேயே பார்த்தாக வேண்டுமென்றால் சென்டினல் 1 ரேடார் இருக்கிறது. இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. புதிதாக வழிந்த நீரும் ஈரப்பனியும் பொதுவாகக் கருமையாகத் தெரியும். ஒப்பிடும் இரண்டு படங்களும் ஒரே சுற்றுப்பாதையில் எடுத்தவையா என்று பாருங்கள். பார்க்கும் கோணம் மாறினாலே கருமையும் மாறும்.