ஒரு வீட்டுப் படிவத்திலிருந்து ஐரிஷ் வரலாறு படிப்பது எப்படி

டப்ளினுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள் நான். அயர்லாந்து வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறக்கச் சொல்வேன். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வீடு வீடாக இலவசமாகப் பார்க்கலாம். 1901 கணக்கெடுப்பும் உண்டு. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் சில துண்டுகளே மிச்சம். அவற்றின் மற்ற ஏடுகள் 1922 உள்நாட்டுப் போரில், அரசு ஆவணங்களை வைத்திருந்த டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்துபோயின.

முதலில் டப்ளின், ஹென்ரியெட்டா தெரு, 7ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். பிரபுக்களுக்காகக் கட்டிய தெரு அது. 1801இல் டப்ளின் நாடாளுமன்றம் லண்டனோடு இணைக்கப்பட்ட பிறகு, பணக்காரர்கள் மெல்ல மெல்லக் கிளம்பிவிட்டார்கள். 1911இல் அந்த ஒரு வீட்டில் நூறு பேருக்கு மேல் குடியிருந்தார்கள்.

பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். மூலப் படிவத்தின் ஸ்கேனைத் திறந்து, மதம், எழுத்தறிவு, தொழில் என்று வரிசையாகப் பாருங்கள். அப்புறம் மணமான பெண்களிடம் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு வாருங்கள்: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள். பிரசவ வார்டில் வேலை பார்ப்பவளுக்கு அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போவது சுலபமில்லை. ஒரே தெருவில் பத்து வீடுகளுக்கு இதைச் செய்தாலே, அந்தக் குடியிருப்புகள் குழந்தைகளை என்ன பாடுபடுத்தின என்பது தெரிந்துவிடும்.

ஐரிஷ் மொழி தெரியுமா என்று கேட்கும் கட்டம் காலியாக இருந்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் என்று பொருள். சிலர் அரசியல் பிடிப்போடு படிவம் முழுவதையும் ஐரிஷிலேயே நிரப்பினார்கள். ஆங்கிலப் பெயரில் தேடி ஆள் கிடைக்காவிட்டால், ஐரிஷ் எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 1901இல் 57 என்றிருந்தவர் 1911இல் 71 ஆகியிருப்பார்! 1909 முதல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்வது 1864இல்தான் தொடங்கியது என்பதால், முதியவர்களிடம் சான்றிதழ் இல்லை. அதனால் 1841, 1851 கணக்கெடுப்புகளில் அவர்கள் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். அந்தத் தேடல் படிவங்களும் காப்பகத்தில் இருக்கின்றன. எரிந்துபோன ஏடுகளில் இருந்த சில குடும்பங்களின் விவரம் அவற்றில் கிடைக்கும். அடுத்து அவற்றைத் திறங்கள்.