குவென்ச் செய்த அலுமினியத்தில் காலியிடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய அலுமினியத் தகட்டை (ஃபாயில்) உலையில் சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்து (குவென்ச்), அணு இல்லாத இடங்களை (காலியிடங்கள்) உள்ளே சிக்கவைக்கும் சோதனை இது. காரைக்குடிப் பக்கம் உலோகவியல் புராஜெக்ட் செய்கிறவர்கள் இதில் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் இவை. எண்ணெய்ப் பிசுக்கு, சரிபார்க்காத தெர்மோகப்பிள் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

தண்ணீரில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

வீணாகும் உழைப்பில் பெரும்பங்கு இதில்தான். 600 டிகிரி செல்சியஸில் அலுமினியத்தின் பத்தாயிரம் அணு இடங்களில் சுமார் 5 காலியாக இருக்கும். பனிக்கட்டி நீரில் சட்டென இறக்கினால் பெரும்பாலானவை உள்ளேயே சிக்கும். ஆனால் சிக்கியவை அடங்கிக் கிடக்காது. அவை நகரத் தேவையான ஆற்றல் 0.6 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது; அறையின் சூடே போதும். வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இடம் மாறும். இரண்டு சேர்ந்த ஜோடி இன்னும் வேகமாக ஓடும். பிறகு தட்டுப்போலத் திரண்டு, அமுங்கி, டிஸ்லொகேஷன் லூப் (அணு வரிசை பிசகிய வளையம்) ஆகிவிடும்.

புத்தகங்கள் சொல்லும் அறை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி. சித்திரையில் மின்விசிறி மட்டும் ஓடும் நம் ஆய்வகத்தில் 35 டிகிரி சாதாரணம். அந்த 15 டிகிரி, நகர்வை மூன்று மடங்குக்கு மேல் கூட்டும். டீ குடித்துவிட்டு வந்து, காலியிடங்களோடு கூடும் மின்தடையை அளந்து, காலியிடம் குறைவு, உலைச் சூடு போதவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த முறை உலையை 650க்கு ஏற்றி, 660இல் உருகும் ஃபாயிலைத் தொய்யவிட்டுக் கெடுக்கிறார்கள். உலையில் ஒரு குறையும் இல்லை. மேசையில் கிடந்த நேரத்தில் அவை திரண்டுபோயின, அவ்வளவுதான்.

திரவ நைட்ரஜன் குடுவை நீர்த்தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மின்கம்பிகளை முன்பே ஸ்பாட் வெல்டு செய்துவிடுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சில நொடிகளில் ஃபாயில் நைட்ரஜனுக்குள் போக வேண்டும். மின்தடையையும் அதற்குள்ளேயே அளக்க வேண்டும். ஏஜிங் (காலியிடங்களை வேண்டுமென்றே திரளவிடுவது) செய்ய, வெப்பநிலை மாறாத தொட்டியில் குறித்த நிமிடங்கள் வைத்து மறுபடி நைட்ரஜனில் இறக்குங்கள். தொட்டியின் வெப்பநிலையும் நேரமும் நோட்டில் ஏறாவிட்டால் அந்த அளவீட்டுக்கு மதிப்பே இல்லை.

நேராகத் திரவ நைட்ரஜனில் குவென்ச் செய்வது

மைனஸ் 196 டிகிரி என்பதால் வேகமாக ஆறும் என்று தோன்றும். ஆறாது. சூடான உலோகத்தைச் சுற்றி ஆவிப்படலம் எழுந்து வெப்பத்தை மறிக்கும். ஒரு கிலோ நைட்ரஜன் ஆவியாக ஏறக்குறைய 200 கிலோஜூல் போதும். தண்ணீருக்கு 2,257 வேண்டும். முதலில் உப்புக் கலந்த பனிக்கட்டி நீர், பிறகு நைட்ரஜன்.

உலையிலிருந்து தொட்டிக்கு ஃபாயிலோடு நடந்து போவது

0.1 மில்லிமீட்டர் ஃபாயில் காற்றில் ஒரு நொடியிலேயே வெகுவாக ஆறிவிடும். 500 டிகிரியில் இருக்க வேண்டிய காலியிடங்கள், 600இல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். நிமிர்ந்த உலை, நேர் கீழே தொட்டி.

மைக்ராஸ்கோப் மாதிரியைச் சூடாக்குவது

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டிய லூப்கள் 200 டிகிரியை ஒட்டிக் கரைந்துவிடும். மாதிரியை ஒட்டும் பசையை அடுப்பில் காயவைக்க வேண்டாம். மற்றபடி உருவான லூப் அறைச் சூட்டில் நிலைக்கும்; மதுரைக்கோ சென்னைக்கோ பஸ்ஸில் எடுத்துப் போகலாம்.

அலுமினியத்தில் நான்முகி தேடுவது

காலியிடங்கள் திரண்டு உண்டாகும் அந்த நான்முக வடிவக் குறை, 1959இல் சில்காக்ஸும் ஹிர்ஷும் தங்கத்தில் கண்டது.

கிரெய்ன் எல்லையை ஒட்டி எண்ணுவது

கிரெய்ன் என்பது உலோகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு படிகத் துண்டு; அதன் எல்லை காலியிடங்களை விழுங்கும். இருபுறமும் ஒரு பட்டைக்கு லூப் இருக்காது, தள்ளிப்போய் எண்ணுங்கள்.