செத்துப்போன எக்ஸ்பாக்ஸ் 360-ல இருக்கிற வயர்லெஸ் போர்டை கம்ப்யூட்டருக்கு ரிசீவரா மாத்தலாம் வாங்க

எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கண்ட்ரோலர் வச்சிருக்கிற நிறைய பேரு முதல்ல பண்ற தப்பு, அந்த சார்ஜ் கேபிளை கம்ப்யூட்டர்ல சொருகிட்டு ஏன் வேலை செய்யலன்னு முழிக்கிறது. அந்த கேபிள்ல சார்ஜ் மட்டும்தாங்க போகும், பட்டன் அழுத்துற சமாச்சாரம் எதுவும் அது வழியா வராது. ப்ளூடூத்தும் கிடையாது, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற தனி ரேடியோ, அதனால ரிசீவர் இல்லாம ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ரிசீவர் வீட்ல தூசி பிடிச்சு கிடக்கிற பழைய கன்சோலுக்குள்ளயே இருக்கு. மூணு சிவப்பு லைட் எரிஞ்சு செத்துப்போன கன்சோலா இருந்தாலும் கவலை வேணாம், போனது மதர்போர்டு சைடு, முன்னாடி இருக்கிற இந்த சின்ன போர்டு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்.

பவர் பட்டனைச் சுத்தி பச்சையா வட்டமா லைட் எரியும்ல, அந்த போர்டுதான். பார்க்க ஏதோ லைட் போர்டு மாதிரி இருந்தாலும் உள்ள ஓடுறது சாதாரண யூஎஸ்பி. கம்ப்யூட்டர்ல இருந்து அதைப் பிரிக்கிறது ரெண்டே விஷயம்: ஒண்ணு, அது 5 வோல்ட்ல இல்ல, 3.3 வோல்ட்ல ஓடுது. ரெண்டு, கண்ட்ரோலரை ஜோடி சேர்க்கச் சொல்ற உத்தரவு யூஎஸ்பில போகாது, தனி வயர்ல போகணும். முதல் விஷயத்தை கவனிக்காம நான் ஒரு போர்டை ரெண்டு நிமிஷத்துல காலி பண்ணிருக்கேன், யூஎஸ்பி கேபிளோட சிவப்பு வயரை நேரா வச்சு ஊதிட்டேன், லைட் ஒரு தடவை பளிச்னு எரிஞ்சுது, அவ்ளோதான்.

2005-ல வந்த பழைய ஃபேட் மாடலை வச்சுதான் சொல்றேன். 2010-ல வந்த ஸ்லிம்லயும் பண்ணலாம், ஆனா கனெக்டர் வேற, அதுக்குண்டான பின் படத்தைத்தான் (எந்த கால் எதுக்குன்னு காட்டுற படம்) பார்க்கணும், இதை அப்படியே காப்பி அடிச்சா போச்சு.

வேணுங்கிற பொருள்: வெட்டி எடுக்க ஒரு பழைய யூஎஸ்பி கேபிள், 3.3 வோல்ட் ரெகுலேட்டர் (ஏஎம்எஸ்1117-3.3 போதும்), 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ரெண்டு, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) பிட் செட், அப்புறம் ஒரு ஆர்டுயினோ, அதாவது நாம எழுதுற புரோகிராமை ஓட்டுற குட்டி போர்டு. ஆர்டுயினோல 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி வாங்குங்க. 5 வோல்ட் ஊனோ வச்சு நேரா இணைச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க, ஓடும்தான், ஆனா 3.3 வோல்ட் போர்டோட கால்ல 5 வோல்ட் அடிக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

கழட்டுற வேலை சுலபம். கன்சோல்ல பவர் கேபிளை எடுத்துட்டு முன்பக்க ஃபேஸ்பிளேட்டை கையால இழுத்தாலே வந்துடும். அப்புறம் வட்ட பட்டன் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுங்க, உள்ள சின்ன டார்க்ஸ் ஸ்க்ரூ இருக்கும், அதை கழட்டிட்டு போர்டை உங்க பக்கமா நேரா இழுங்க. மதர்போர்டுல நேரடியா சொருகியிருக்கு, வயர் கிடையாது, அதனால ஆட்டி ஆட்டி சாய்ச்சு இழுத்து பின்னை வளைச்சுடாதீங்க.

இப்ப பின் கண்டுபிடிக்கிற வேலை, இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. நமக்கு வேணுங்கிறது ஏழு லைன்: 3.3 வோல்ட், கிரவுண்ட், டேட்டா பிளஸ், டேட்டா மைனஸ், அப்புறம் உத்தரவுக்கான டேட்டா, கிளாக், பவர் பட்டன். மிச்சத்தை தொடாதீங்க. பின் படம் பார்க்கும்போது அது போர்டோட முன்பக்கமா பின்பக்கமான்னு ரெண்டு தடவை பாருங்க, போர்டை திருப்பினா இடது வலது மாறிடும், கண்ணாடில பார்க்கிற மாதிரி. சரியா பிடிச்சிருக்கோமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி: மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு ஒரு முனையை போர்டு மேல இருக்கிற உலோக மூடில வைங்க, இன்னொரு முனையை கிரவுண்டுன்னு நினைக்கிற பின்ல வைங்க, பீப் அடிச்சா சரி. அதே மாதிரி வட்ட பட்டனை அழுத்திப் பிடிச்சா பட்டன் லைன் கிரவுண்டோட சேர்றதும் மீட்டர்ல தெரியும். இந்த ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா படத்தை சரியா பிடிச்சிருக்கோம்னு அர்த்தம்.

அடுத்து கரண்ட். யூஎஸ்பி கேபிளை வெட்டினா நாலு வயர் இருக்கும், வழக்கமா சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், பச்சை டேட்டா பிளஸ், வெள்ளை டேட்டா மைனஸ். விலை கம்மியான கேபிள்ல கலர் மாறியும் இருக்கும், மீட்டர் வச்சு பார்த்துடுங்க. சிவப்பை ரெகுலேட்டரோட இன்புட்ல வைங்க. ஏஎம்எஸ்1117-ஐ எழுத்து தெரியிற மாதிரி, கால் மூணும் கீழ இருக்கிற மாதிரி வச்சா இடதுல இருந்து கிரவுண்ட், அவுட்புட், இன்புட். முதுகுல இருக்கிற பட்டையும் அவுட்புட்தான், அது கிரவுண்டுன்னு நினைச்சு எதுமேலயும் ஒட்ட வச்சுடாதீங்க. இன்புட்டுக்கு ஒண்ணு, அவுட்புட்டுக்கு ஒண்ணுன்னு கப்பாசிட்டரை கிரவுண்டுக்கு போடுங்க. ரெகுலேட்டருக்கு பதிலா சிலிக்கான் டயோடு ரெண்டை வரிசையா போட்டு ஒவ்வொண்ணுலயும் 0.7 வோல்ட் குறைச்சு 3.6 கிட்ட கொண்டு வர்ற டெக்னிக் பழசுல இருந்தே இருக்கு, ஆனா கரண்ட் குறைவா இழுக்கும்போது டயோடு அவ்ளோ குறைக்காது, வோல்டேஜ் ஏறிடும், ரெகுலேட்டரே நிம்மதி.

போர்டை இணைக்கிறதுக்கு முன்னாடி வெறும் ரெகுலேட்டரை மட்டும் கம்ப்யூட்டர்ல சொருகி அவுட்புட் 3.3 வருதான்னு பாருங்க. வந்தா எடுத்துட்டு, அந்த அவுட்புட்டை போர்டோட 3.3 வோல்ட் லைன்லயும் கருப்பை கிரவுண்டுலயும் வைங்க, பச்சை வெள்ளை ரெண்டையும் சின்னதா வெட்டி லேசா முறுக்கி நேரா போர்டுல வைங்க, நடுவுல எதுவும் வேணாம்.

சொருகிப் பாருங்க. லினக்ஸ்னா உங்களுக்கு வேலையே இல்ல, கெர்னல்லயே எக்ஸ்பேட் டிரைவர் இருக்கு, யூஎஸ்பி லிஸ்ட்ல மைக்ரோசாஃப்ட் பேருக்கு நேரா 0291-னு ஒரு ஐடி வரும். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறியோட நிக்கும், ஏன்னா கம்ப்யூட்டருக்குன்னு தனியா வித்த ரிசீவரோட ஐடி 0719, விண்டோஸ் எதிர்பார்க்கிறது அதை. பயப்படாம அப்டேட் டிரைவர் போய், லிஸ்ட்ல இருந்து நானே எடுத்துக்கிறேன்னு சொல்ற ஆப்ஷனை அழுத்தி, எக்ஸ்பாக்ஸ் 360 பெரிஃபெரல்ஸ்க்குள்ள வயர்லெஸ் ரிசீவர் ஃபார் விண்டோஸ்னு இருக்கிறதை தேர்ந்தெடுங்க, ஒத்துவராம போகலாம்னு எச்சரிக்கை வரும், யெஸ் குடுங்க. எதுவுமே தெரியலன்னா முதல்ல பச்சையையும் வெள்ளையையும் மாத்திப் பாருங்க, அது மாறினா போர்டுக்கு ஒண்ணும் ஆகாது.

இதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு கண்ட்ரோலரை ஆன் பண்ணா லைட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், ஏன்னா கன்சோல்ல இருக்கிற சின்க் பட்டன், அதாவது ஜோடி சேர்க்கிற பட்டன், இந்த போர்டுல கிடையாது, அதை அழுத்தினதும் மதர்போர்டுதான் இதுக்கு உத்தரவு அனுப்பும். இப்ப அந்த வேலையை ஆர்டுயினோ பார்க்கணும். போர்டோட பட்டன் லைனை 2-வது பின்லயும் டேட்டாவை 3-லயும் கிளாக்கை 4-லயும் வைங்க, ஆர்டுயினோவோட விசிசிக்கும் கிரவுண்டுக்கும் அதே 3.3 சப்ளை (ரா-ன்னு போட்டிருக்கிற பின்ல இல்ல). ஆர்டுயினோல புரோகிராம் ஏத்துறப்ப இந்த ரிசீவரோட யூஎஸ்பி கேபிளை கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி வச்சுக்குங்க, ரெண்டு பக்கமும் சப்ளை வேணாம்.

புரோகிராம் என்ன பண்ணனும்னா, பட்டன் லைன் லோ (0 வோல்ட்) ஆச்சுன்னா டேட்டா பின்னை அவுட்புட்டா மாத்தி லோ பண்ணனும், அதைப் பார்த்ததும் போர்டு தானா கிளாக் (ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் மாதிரி ஏறி இறங்குற சிக்னல்) அடிக்க ஆரம்பிக்கும், கிளாக் நாம குடுக்கிறது இல்ல. கிளாக் கீழ இறங்கினதும் ஒரு பிட்டை வைக்கணும், மேல ஏறுற வரைக்கும் காத்திருக்கணும், இப்படி பத்து பிட். சின்க்குக்கு 0,0,0,0,0,0,0,1,0,0. லைட்டை எழுப்ப 0,0,1,0,0,0,0,1,0,0. கடைசி பிட்டை மட்டும் 1 ஆக்கினா கன்சோல் ஆன் ஆகும்போது வர்ற அந்த சுத்துற அனிமேஷன் வரும், தேவையில்லதான், ஆனா நான் போட்டுக்கிட்டேன். முடிஞ்சதும் டேட்டா பின்னை ஹை பண்ணிட்டு திரும்ப இன்புட்டா விட்டுடணும், இதை மறந்தா ரெண்டாவது உத்தரவு போகாது. சப்ளை வந்ததும் ரெண்டு செகண்ட் காத்திருந்து அப்புறம்தான் முதல் உத்தரவு அனுப்புங்க, போர்டு கண்ணு முழிக்க கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இனி வட்ட பட்டனை அழுத்துங்க, லைட் சுத்த ஆரம்பிச்சதும் கண்ட்ரோலர் மேல சார்ஜ் ஓட்டை பக்கத்துல இருக்கிற குட்டி பட்டனையும் அழுத்துங்க. ஜோடி சேர்ந்ததும் ரெண்டுலயும் ஒரே கால் பகுதி பச்சையா நிக்கும். ஒரு தடவை பண்ணா போதும், அடுத்த தடவை நடு பட்டனை அழுத்தினாலே வந்துடும். மொத்தம் நாலு கண்ட்ரோலர் வரைக்கும் தாங்கும்.

டப்பால போடும்போது உலோக டப்பா வேணாம், ஆன்டெனா போர்டுலயே இருக்கு, சிக்னல் செத்துடும். நான் பழைய சோப்பு டப்பால வட்டமா ஓட்டை போட்டு வச்சிருக்கேன், வீட்ல யாரோ அதுல சோப்பை வைக்கப் போயி கடைசி செகண்ட்ல பிடிச்சேன்.