டிஸ்டோபியா கதை எழுத, முதலில் ஒரு சட்டம் போடுங்கள்

தக்கலைப் பக்கத்தில் நான் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் டிஸ்டோபியா, அதாவது வாழவே முடியாதபடி கெட்டுப்போன ஒரு கற்பனைச் சமூகம், என்றால் பாதிப்பேர் கடலை ஊருக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். சுனாமியும் ஒக்கிப் புயலும் பார்த்த மாவட்டம், வேறென்ன எழுதுவார்கள்? ஆனால் அது பேரழிவு. டிஸ்டோபியாவை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து, கையெழுத்துப் போட்டு உண்டாக்குகிறார்கள்.

சொல் வந்த வழியே இதைக் காட்டிவிடும். 1516-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் தன் கற்பனைத் தீவுக்கு யுட்டோபியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'இல்லாத இடம்'. காதுக்கு 'நல்ல இடம்' என்றும் கேட்கும். 'டிஸ்' என்றால் கெட்ட. 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில் தத்துவவாதியும் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் அரசுத் தரப்பை 'டிஸ்டோபியர்கள்' என்று சாடினார். யுட்டோபியா நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லது, இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கெட்டது என்றார்.

சரி, எழுதத் தொடங்குங்கள். ஒரே ஒரு சட்டம் போதும். அதற்கு நல்ல காரணம் இருக்க வேண்டும்: 'குளம் சுத்தமாக இருக்க, அட்டை உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம்.' கேட்டால் நாமே தலையாட்டுவோம். அப்புறம் அந்தச் சட்டத்தை ஓர் ஆளின் உடம்புவரை கொண்டுபோங்கள். படித்துறையில் அட்டை இல்லாத ஒரு பாட்டி. காவலாளி அவர் தோளில் போட்டிருக்கும் நேரியல் துணியின் முந்தியைப் பிடித்துப் பிழிகிறான். இரண்டு சொட்டு விழுகிறது. சீட்டில் குறித்துக்கொள்கிறான். கேமராவும் ரோபோவும் வராவிட்டாலும் குறையில்லை.

காவலாளியைக் கொடூரனாக்காதீர்கள். "பாட்டி, நானும் மேல கணக்கு காட்டணும்லா" என்று அவன் கெஞ்சட்டும்.

முடிவுதான் கடினம். அதற்கு நம் தோள்சீலைப் போராட்டத்தைப் படியுங்கள். எந்த வெளிநாட்டு நாவலுக்கும் முன்னால் இதைத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-இல் மன்னரின் உத்தரவு வந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்றது அது. கொடுத்த கையிலேயே பிடுங்கிக்கொண்ட அந்த ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். உங்கள் கதையிலும் சட்டம் ஒரேயடியாக விழ வேண்டாம். பாட்டி செவ்வாயும் வெள்ளியும் குளிக்கலாம் என்று அறிவிப்பு வரட்டும், அதற்கென்று வேறு நிறத்தில் ஓர் அட்டையோடு.