வெள்ளகவிக்கு நடந்து செல்வது எப்படி? மலைப்பாதைக்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவில், வட்டக்கானலுக்குக் கீழே, காட்டுக்கு நடுவில் இருக்கும் சிற்றூர் வெள்ளகவி. மேலே வட்டக்கானலிலிருந்து இறங்கியோ, கீழே பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து ஏறியோ காட்டுப் பாதையில் நடந்துதான் இவ்வூரை அடைவது வழக்கம். இங்கே விளையும் காப்பி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் புரூட் எல்லாம் மட்டக்குதிரையின் முதுகிலும் மனிதர் தலையிலும்தான் சந்தைக்குப் போய்வந்திருக்கின்றன. நடக்கவே முடியாத நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்ற பாதையும் இதுவே. நமக்கு ஒருநாள் மலைநடையாக இருப்பது அவர்களுக்கு ஊர்ச்சாலை என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கீழே சொல்லப்போகும் பல செய்திகள் அதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: அனுமதி

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்கான விதிகள் இறுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களுடன் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. வட்டக்கானல் – வெள்ளகவித் தடமும் அவற்றில் ஒன்று. திட்டத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். முதல்முறை நடப்பவர்கள் வேறு வழியை நாடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாடு மேய்க்கும் தடமும், குதிரைத் தடமும், ஊருக்குப் போகும் தடமும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் காட்டில் எந்தப் பிரிவில் திரும்புவது என்பதை அங்கே பிறந்து வளர்ந்தவரைப் போல எந்த வரைபடமும் சொல்லித் தராது. சொந்த வாகனத்தில் கொடைக்கானலுக்கு வருபவர்கள், 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் என்னும் இணையவழி நுழைவுச் சீட்டையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: காலம்

பழனி மலைத்தொடரின் இந்தப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அந்த வாரங்களில் பாதை வழுக்கும், ஓடைகள் திடீரெனப் பெருகும். மழை ஓய்ந்த ஜனவரியும், வெயில் தணிந்த கோடை முடிவுக்குப் பிறகான மாதங்களும் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. பிப்ரவரி பாதிக்குமேல் புல் காய்ந்து தீ அபாயம் கூடும்போது வனத்துறை தடங்களை மூடுவது வழக்கம். அந்த நேரத்தில் மூடியிருக்கிறதே என்று குறுக்குவழி தேடக் கூடாது. புல்லும் தைலமரமும் நிறைந்த சரிவில் தீயானது மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும்.

மூன்றாம் படி: முட்டியைப் பழக்குதல்

மூச்சு வாங்காமல் நடப்பதற்கே பலரும் பயிற்சி எடுக்கிறார்கள். வெள்ளகவிப் பாதையில் முதலில் சோதிக்கப்படுவது நுரையீரல் அன்று, முட்டி. வட்டக்கானலிலிருந்து போகும்போது முழுதும் இறக்கம் என்பதால் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடைத் தசைதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே வாரத்தில் நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட, மெதுவாக இறங்குவதில் கவனம் வையுங்கள். கடைசி வாரத்தில் முதுகில் நான்கு கிலோ சுமையுடன் ஒரு மணி நேரம் செய்ய முடிந்தால் போதுமானது.

நான்காம் படி: பையும் காலணியும்

அடிப்பகுதியில் ஆழமான பல் வெட்டிய, ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ, முழுநீளக் காற்சட்டை, கணுக்காலுக்கு மேல் ஏறும் காலுறை இரண்டு சோடி, மழைச்சட்டை, ஒரு கைத்தடி, டார்ச் விளக்கு. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. அதையும் எஃகுப் பாட்டிலில் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் கொடைக்கானலில் சிறிய நெகிழிப் பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. புளிச்சாதமும் வேர்க்கடலை உருண்டையும் நடைக்கு நல்ல உணவு. உடை விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி கூடும். காலை ஏழு மணிக்கு வட்டக்கானலில் தேவைப்பட்ட கம்பளிச் சட்டை இரண்டு மணி நேர இறக்கத்தில் சுமையாகிவிடும் என்பதால், தடிமனான ஓர் ஆடையைவிட மெல்லிய இரண்டு ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே மேல்.

ஐந்தாம் படி: நேரக் கணக்கு

இந்த விளக்கத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சாதாரணமாக ஒரு மலைக்குப் போனால் உடல் தெம்பாக இருக்கும் காலையில் ஏறுவோம், களைத்த மாலையில் இறங்குவோம். வெள்ளகவியில் அது தலைகீழ். காலையில் உற்சாகமாக இறங்கிவிடுகிறோம். வெயிலும் களைப்பும் சேர்ந்த பிற்பகலில்தான் ஏற வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம், அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர்கள் வரும் விடையுடன் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது ஐந்து கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு இரண்டு மணி நேரம் என்று விடை வந்தால், மூன்று மணி நேரம் என்று எழுதிவையுங்கள். பின்னர் பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தைக் குறித்துவிடுங்கள். என் முதல் பயணத்தில் இந்தக் கணக்கைப் போடாமல், மர நிழலில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கடைசி முக்கால் மணி நேரம் ஒரே டார்ச் வெளிச்சத்தில், மூடுபனிக்குள், உடன் வந்த அத்தையின் கையைப் பிடித்தபடி ஏறினோம். அன்று அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

ஆறாம் படி: இறங்கும் முறை

டால்பின் நோஸ் பாறையைத் தாண்டியதும் கூட்டம் குறைந்து, வேர்களும் உருண்டைக் கற்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. முட்டியைச் சற்று மடக்கி, பாதம் முழுவதையும் ஊன்றி, சிறுசிறு அடியாக வையுங்கள். குதிகாலை மட்டும் குத்தி நடந்தால் வழுக்கும். ஈரமான வேரின்மேல் கால் வைக்காமல் அதைத் தாண்டி வையுங்கள். எதிரே சுமையுடன் குதிரையோ ஆளோ வந்தால், பாதையின் மலைப்பக்கம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் பொதி இடித்துவிடும் அபாயம் உண்டு.

சோலைக்காட்டின் ஈரத்தில் அட்டை இருக்கும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல், அதன் வாயருகே நகத்தை நெருக்கித் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையவிடாத பொருளை அது கடிவாயில் விடுவதால் சற்று நேரம் கசியும். கழுவித் துணி கட்டினால் நின்றுவிடும். காட்டுமாடு எதிர்ப்பட்டால் அசையாமல் நின்று, பின்வாங்கி, அது நகரும்வரை காத்திருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே ஒருபோதும் போகக் கூடாது. கும்பக்கரையை ஒட்டிய அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு என்பதால், ஊரைத் தாண்டிக் கீழே இறங்குவதை வழிகாட்டியின் முடிவுக்கே விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: ஊருக்குள்

வெள்ளகவியில் தெருவெங்கும் கோயில்கள். ஊரையே கோயிலாகக் கருதுவதால் ஊர்க்காரர்கள் அதற்குள் செருப்பு அணிவதில்லை. எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் அது நல்ல ஓய்வு. பெரியவர்களிடம் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கேட்காமல் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம். தேநீரோ சாப்பாடோ வாங்கினால், ஒவ்வொரு கிலோ அரிசியும் தூக்கிக்கொண்டு வரப்பட்டது என்பதை நினைத்து, பேரம் பேசாமல் கொடுங்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகள் உட்பட எல்லோரும் பெரியகுளத்துப் பக்க அடிவாரத்திலிருந்து நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் மலையேறினார்கள். அந்தக் காலத்தின் நடை இன்னும் மிஞ்சியிருக்கும் ஊர்களில் இது ஒன்று என்பதாலேயே எனக்கு இதன்மேல் இத்தனை பற்று. கொண்டுசென்ற குப்பை முழுவதும் உங்கள் பையிலேயே திரும்ப வேண்டும்.

எட்டாம் படி: திரும்பி ஏறுதல்

குறித்த நேரம் வந்ததும் எழுந்துவிடுங்கள். பேச்சு தடைபடாத வேகத்தில் ஏறுங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, அவருடைய வேகத்தில் எல்லோரும் நடக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்று, தாகம் எடுக்காவிட்டாலும் இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வட்டக்கானலில் ஒருவரிடம் காலையிலேயே சொல்லியிருப்பீர்கள். மேலே வந்து சேர்ந்ததும் அவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு, காலுறையைக் கழற்றி அட்டை இருக்கிறதா என்று விரலிடுக்குவரை பார்த்துவிடுங்கள்.